தொண்ணூற்றைந்தில் அணைந்துவிடும்

அநியாயம் நடந்தது அங்கயற்கண்ணிக்கு. இதை அந்த மகளிர் விடுதியில் யாரும் மறுக்கவில்லை. மறுக்க நினைத்த ஒன்றிரண்டு பேரையும் அவள் மாடிப்படியிலேயே மடக்கி, மூன்று கோணத்தில் வாதாடி, நான்காவது கோணம் ஒன்று பாக்கி இருக்கிறது என்று மிரட்டியே வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். நடந்தது இதுதான். வேலூர்த் தெருக்களில் குடத்தோடு குடமாக நின்று, குழாயடிச் சண்டைகளைக் கைபேசியில் பதிவுசெய்து, தண்ணீருக்காகப் பெண்கள் போடும் சண்டையில் எந்த நீதிமன்றத்துக்கும் குறையாத வாதமுறை இருக்கிறது என்று அவள் எழுதிய ஆய்வேட்டின் மூன்றாம் இயலை, அவளுடைய நெறியாளர் திருஞானம் சார், ஏசி போட்ட அரங்கில் நடந்த கருத்தரங்கில், தன் கட்டுரையாக, தன் குரலில், நடுநடுவே தண்ணீர் குடித்துக்கொண்டு வாசித்தார். கட்டுரையின் கடைசிப் பக்கத்தின் அடியில், பூதக்கண்ணாடி கேட்கிற எழுத்தில், "தட்டச்சு உதவி: செல்வி அங்கயற்கண்ணி" என்று போட்டிருந்தது.

"தட்டச்சு உதவியா சார்?" என்று அவள் நேரே போய்க் கேட்டாள்.

திருஞானம் சார் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும். அவர் எல்லாப் பெண்களையும் அம்மா என்று கூப்பிடுகிற மனிதர். அன்றும் அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

"ஏம்மா இவ்வளவு சூடாகறே? முதல்ல அந்தச் சூட்டை எங்கேயாவது எறக்கி வச்சிட்டு வா. பொறுமையாப் பேசலாம்."

பிறந்தது முதல் யார் எது சொன்னாலும் எதிர்வாதம் பேசியே வளர்ந்த அங்கை, அந்த ஒரு பேச்சை மட்டும் எப்படியோ அப்படியே கேட்டுவிட்டாள். அறைக்கு வந்தாள், அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப்பைத் திறந்தாள், இரண்டு கையையும் அதன்மேல் வைத்தாள், சூட்டை இறக்கி வைத்தாள்.

அவ்வளவுதான். லேப்டாப்பின் விசிறி, பிரஷர் குக்கர் விசிலுக்கு முன்னால் முனகுமே, அப்படி முனகத் தொடங்கியது. திரை ஒருமுறை சிமிட்டிவிட்டு இருண்டது.

கடைவீதியில் சர்வீஸ் செய்கிறவர் அதைப் பிரித்து, ஒரு பூனைக்குட்டி அளவுக்குத் தூசியையும் தலைமுடியையும் வெளியே எடுத்து, உள்ளே சூடு கடத்துகிற பழைய பசையைச் சுரண்டிப் புதுப் பசை தடவி, திரையின் ஓரத்தில் உள்வெப்பத்தைக் காட்டுகிற ஒரு சின்ன எண்ணையும் ஏற்றிக் கொடுத்தார். "தொண்ணூத்தஞ்சு வந்தா அதுவே ஆஃப் ஆயிடும்மா, தன்னைக் காப்பாத்திக்க. நம்பர் மேல ஒரு கண்ணு வச்சிக்குங்க" என்றார். அங்கை கண் வைத்தாள். எண் நாற்பத்தைந்தில் சாதுவாக நின்றது. பேசாமல் நின்ற எண்ணைப் பார்த்து, இது இப்போது ஒழுங்காக இருக்கிறது என்று அவள் நம்பியது, அவள் நம்பிய பல விஷயங்களைப் போலவே, மத்தியானச் சாப்பாடு வரைக்கும்தான் நிலைத்தது.

கண்டுபிடித்தவள் ஷம்ஷாத். அங்கையின் அறைத்தோழி, வாணியம்பாடிக்காரி, இயற்பியல் படிப்பவள், எண்ணில் அடங்காத எதையும் நம்பமாட்டேன் என்பவள். அங்கை மெஸ்ஸுக்குப் போயிருந்த நேரத்தில், ஆள் இல்லாத லேப்டாப், ஒரு எழுத்துகூட யாரும் தட்டாத லேப்டாப், தானாக ஐம்பது, அறுபது, எழுபது என்று ஏறுவதைப் பார்த்தாள். கைபேசியை எடுத்தாள்.

"ஏய், கீழ யார்கூடடி சண்டை?"

"சண்டை இல்ல, விவாதம். ரசத்துல புளியே இல்ல, ஆனா பேரு ரசம். பெயருக்கும் பொருளுக்கும் ஒரு சம்பந்தம் வேணாமா?"

"விவாதம்னா எண்பத்தொண்ணு காட்டுது. கொஞ்சம் விட்டுக்கொடு, பாப்போம்."

"எதுக்கு விட்டுக்கொடுக்கணும்?"

"எண்பத்தாறு" என்றாள் ஷம்ஷாத், ஓட்டு எண்ணிக்கை அறிவிக்கிறவளைப் போல.

இப்படியாக, கோபம் அங்கையிடமும் அதன் கணக்கு லேப்டாப்பிடமும் இருக்கிறது என்பது விடுதிக்குத் தெரிந்தது. யாரும் மலைத்துப்போகவில்லை. விடுதியில் மலைக்க நேரம் கிடையாது, குளியலறைக்கு வரிசை நிற்க வேண்டும். மெஸ்ஸில் சமைக்கிற மங்கா அக்கா மட்டும் ஒருமுறை மேலே வந்து, கரண்டி பிடித்த கையால் லேப்டாப்பின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஒடம்பு சூடும்மா" என்று தீர்ப்புச் சொன்னாள். "ராத்திரி வெந்தயம் ஊற வச்சித் தரேன், காலைல வெறும் வயித்துல குடுக்கணும்."

"யாருக்கு அக்கா, எனக்கா லேப்டாப்புக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே, இன்னா கேள்வி இது?"

அதில் உள்ள தர்க்கப் பிழையை அங்கை விளக்க ஆரம்பித்தாள், எண் எழுபத்திரண்டு ஆனது, மங்கா அக்கா அதைச் சுட்டிக்காட்டிவிட்டுக் கீழே போனாள். மறுநாளிலிருந்து அங்கை வெந்தயம் குடித்தாள், லேப்டாப்பின் அடியில் வெட்டிவேர்ப் பாய் விரிக்கப்பட்டது, மூடியில் யாரோ சந்தனம் பூசினார்கள், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று ஒருத்தி நல்லெண்ணெயோடு வந்தபோதுதான் ஷம்ஷாத் குறுக்கே படுத்துத் தடுத்தாள். மெஸ் வாசலில் சாக்பீஸால் எழுதுகிற கரும்பலகையில் "இன்று: சாம்பார், கோஸ் பொரியல், அப்பளம்" என்பதோடு "அங்கை: 64" என்பதும் சேர்ந்துகொண்டது. எழுபதுக்கு மேல் இருந்தால் பெண்கள் அவள் மேசையில் உட்காராமல் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்கள். வார்டன் வசுமதி மேடம் ஒரு சுற்றறிக்கை போட்டார்: அறை எண் பன்னிரண்டின் லேப்டாப்பை வேண்டுமென்றே சூடேற்றுகிறவர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படும்.

அந்தச் சுற்றறிக்கைக்குக் காரணம் மழை. ஐப்பசி பிறந்ததும் வானம் ஒழுக ஆரம்பித்து, ஒருத்தியின் துப்பட்டாவும் காயவில்லை, விடுதி முழுக்க ஈரத்துணி வாடை. அப்போதுதான் யாருக்கோ அந்த யோசனை வந்தது. ஈரப் பனியனோடும் சுடிதாரோடும் அறை பன்னிரண்டின் வாசலில் வரிசை நின்றது. ஒருத்தி துணியை லேப்டாப்பின் மேல் விரிப்பாள், இன்னொருத்தி கட்டிலில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "என்ன இருந்தாலும் பொம்பளைங்களுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எதுக்கு அங்கை, கல்யாணத்துக்கு அப்புறம் எப்படியும் பரண்ல போடப்போறோம்" என்பாள். அது வலை என்று அங்கைக்குத் தெரியும். வலை என்று தெரிந்தே விழுவாள். ஏனென்றால் தப்பான ஒரு கருத்தைப் பதில் இல்லாமல் அறையில் விட்டுவைப்பது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே போவதைப் போல அவளால் முடியாத காரியம். அவள் பேசி முடிக்கும்போது துணி காய்ந்து, மடிப்புக்கூட விழுந்திருக்கும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அங்கையைச் சுட்டது வேறு. தன்னை அவள் எந்நாளும் கொள்கைக்காகக் கோபப்படுகிறவள் என்றுதான் நினைத்திருந்தாள், அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டும் இருந்தாள். எண் அப்படிச் சொல்லவில்லை. பஞ்சத்தைப் பற்றிய கட்டுரையை வாசித்தபோது எண் ஐம்பத்திரண்டு. சாதிக் கொடுமையைப் பற்றி விடுதி நாள் மேடையில் அவள் முழங்கி, கைதட்டல் வாங்கி, கண்கலங்கியும் இறங்கிய அந்தப் பேச்சின் உச்சத்தில் எண் ஐம்பத்தெட்டு. அடுத்த அறை பிளெஸ்ஸி கேட்காமல் இவள் வாளியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனபோது தொண்ணூற்றொன்று.

"கருவியில கோளாறு" என்றாள் அங்கை.

"இருக்கும்" என்றாள் ஷம்ஷாத். "உலகத்துல இருக்கிற எல்லா அநியாயத்தையும் ஒரு வாளிக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போனா மெஷினுக்கு எப்படிடி பிரிச்சுத் தெரியும்?"

சிரிப்புக்கெல்லாம் நடுவில் ஒன்று மட்டும் சிரிப்பாக இல்லை. எண் தொண்ணூற்றைந்தைத் தொடும்போதெல்லாம் லேப்டாப் அணைந்தது, அணையும்போதெல்லாம் எழுதிக்கொண்டிருந்த பத்தி போனது. கட்டுரைத் திருட்டைப் பற்றி அவள் கொடுத்திருந்த புகார்மேல் துறை ஒரு விசாரணைக்கு நாள் குறித்திருந்தது. திருஞானம் சார் எழுத்தில் பதில் கொடுத்துவிட்டார்: பதிவுகள் எல்லாம் தன் வழிகாட்டலில் துறைக்காகச் சேகரிக்கப்பட்டவை, யார் வேண்டுமானாலும் பதிவுசெய்திருக்கலாம், மாணவி அவற்றைத் தட்டச்சு செய்தார், நன்றாகவே செய்தார், பிழை குறைவு. அவர் சொல்வது எடுபட்டுவிட்டால் மூன்றாம் இயல் அவருடையது. ஒருவர் ஏற்கனவே வாசித்துவிட்ட கட்டுரையை அவள் தன் ஆய்வேட்டில் வைத்தால் திருடி அவள். இத்தனை வருடம் குழாயடியில் நின்றதற்கு மிஞ்சுவது கால் நரம்பு இழுத்தது மட்டும்தான்.

பதிவுகளில் எல்லாம் சண்டை போடும் பெண்களின் குரல்தான் இருந்தது. அங்கையின் குரல் கேட்கிற பதிவு ஒன்றே ஒன்று. அது இருந்தால் போதும், குழாயடியில் நின்றவள் யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அந்தப் பதிவில் அங்கை பேசிய பிறகு நடந்ததை அவள் ஷம்ஷாத்திடம்கூடச் சொன்னதில்லை, ஆய்வேட்டில் ஒரு வரி எழுதியதில்லை, பதிவுசெய்த கைபேசி அப்புறம் ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து செத்தபோது, அந்த ஒரு விஷயத்துக்காகக் கொஞ்சம் நிம்மதிகூடப் பட்டாள். இப்போது அது லேப்டாப்பில் மட்டும் இருந்தது. அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாலே எண் எழுபது, எண்பது, தொண்ணூறு, கப்பென்று இருட்டு. அவளைக் கீழே அனுப்பிவிட்டு ஷம்ஷாத் பென்டிரைவில் நகலெடுக்கப் பார்த்தாள். கீழே மெஸ்ஸில் உட்கார்ந்து, ஐயோ அவள் இப்போது கேட்டுவிடுவாளோ என்று அங்கை நினைத்ததுதான் தாமதம், மேலே லேப்டாப் செத்தது.

"அதுல அப்படி என்னதாண்டி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல" என்றாள் அங்கை. கரும்பலகையில் மங்கா அக்கா 94 என்று எழுதினாள்.

ஆகவே விடுதி ஒன்றுகூடி அவளுக்குச் சூடு தணிக்கும் பயிற்சி கொடுத்தது. மழைக்காலம் முழுக்கத் துணி காயவைத்துக்கொண்ட நன்றி அது. தினமும் சாயங்காலம் மெஸ்ஸில் நடுவில் ஒரு நாற்காலி, அதில் அங்கை, எதிரே லேப்டாப், சுற்றிலும் பெண்கள். ஒவ்வொருத்தியாக வந்து வாயில் வந்த அபத்தத்தையெல்லாம் சொல்ல வேண்டும். அவள் "அப்படியா" என்று மட்டும் சொல்ல வேண்டும். "கவிதை எழுதறவனுக்குத் துணி துவைக்க வராது, அது இயற்கை." அப்படியா. "உன் வாளி இனிமே என் வாளி." அப்... அப்படியா. வார்டன் மேடமே ஒருநாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "விடுதி விதிகள் உங்க நன்மைக்குத்தான்" என்றார், அவர் நிஜமாகவே சொன்னார் என்பது பாதியில்தான் எல்லாருக்கும் புரிந்தது, அதற்கும் அவள் அப்படியா என்றாள்.

எண் இறங்கியது. ஐம்பது, நாற்பத்தாறு, நாற்பது. லேப்டாப் சாதுவானது, விசிறி பூனை மாதிரித் தூங்கியது. அது ஒருமுறைகூட அணையாமல் அங்கை உட்கார்ந்து எழுதினாள், பக்கம் பக்கமாக எழுதினாள். எழுதியதை ஷம்ஷாத் வாங்கிப் படித்தாள்.

"என்னடி இது? 'குழாயடியில் கருத்து வேறுபாடுகள் நிலவுவதாகக் கருதப்படுகிறது எனலாம்.' நிலவுதா, கருதப்படுதா, எனலாமா? யாருடி எழுதினது இதை, திருஞானம் சாரா?"

அங்கைக்கு அழுகை வந்தது. எண் முப்பத்தொன்பதில் நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் பெய்த மழையில் நனைந்த துணிகள் மறுநாளும் காயவில்லை, அதற்காக யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அவளை இன்னும் படுத்தியது.

விசாரணை துறைத்தலைவர் அறையில் நடந்தது. துறைத்தலைவர் அமலோற்பவம் மேடம் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு, அதைத் தேடுகிற பழக்கம் உள்ளவர்; ஆனால் கேள்வி கேட்கும்போது அது சரியாக மூக்கில் இருக்கும். ஒரு பக்கம் திருஞானம் சார். எதிர்ப்பக்கம் அங்கை, மடியில் லேப்டாப். ஷம்ஷாத் சாட்சி என்ற பேரில், கையில் ஈரத்துண்டோடும் பனையோலை விசிறியோடும் பின்னால் நின்றாள். ஏசி ஓடிய அறையில் பனையோலை விசிறி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. விஷயம் துறை வரைக்கும் வந்திருந்தது.

"நல்ல பொண்ணு மேடம்" என்று திருஞானம் சார் ஆரம்பித்தார். "நல்லா டைப் பண்ணுவா. கொஞ்சம் சூடு ஜாஸ்தி, வயசு."

நாற்பத்தெட்டு.

"பேர் விட்டுப்போச்சுன்னு வருத்தப்படறா. போட்டிருக்கேன் மேடம், பாருங்க, கடைசிப் பக்கம், அடியில."

அறுபத்தாறு. ஷம்ஷாத் விசிறினாள்.

"அப்படியா" என்றாள் அங்கை, பல்லைக் கடித்துக்கொண்டு.

அமலோற்பவம் மேடம் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "அங்கயற்கண்ணி, சார் சொல்றது இதுதான்: அந்தக் குழாயடியில யார் வேணா நின்னு பதிவு பண்ணியிருக்கலாம். நீதான் நின்னேன்னு காட்ட உன்கிட்ட என்ன இருக்கு?"

"ஒரு பதிவு இருக்கு மேடம்."

"போடு."

அவள் அம்புக்குறியை நகர்த்தினாள். எண்பது. எண்பத்தேழு. ஷம்ஷாத் லேப்டாப்பில் ஒற்றிய ஈரத்துண்டிலிருந்து ஆவி கிளம்பியது. தொண்ணூற்றொன்று, வாளியின் உயரம். விசிறி குக்கரைப் போல முனகியது. தொண்ணூற்றுமூன்று. "அப்படியான்னு சொல்லுடி" என்று ஷம்ஷாத் காதருகே கெஞ்சினாள். "போட முடியலைன்னா விட்டுடும்மா, பரவாயில்ல" என்றார் திருஞானம் சார், அதே அன்போடு. தொண்ணூற்றுநான்கு.

அங்கை எண்ணைப் பார்த்தாள். அம்மா என்று அவர் கூப்பிட்டதற்கோ கடைசிப் பக்கத்துக்கோ ஏறிய சூடு அதில் பாதிகூட இல்லை என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. மீதி அத்தனையும் அந்தப் பதிவில் அவள் பட்ட வெட்கம். ஊரெல்லாம் வாதாடித் திரிகிறவள், ஒரு இடத்தில் வாயடைத்து நின்றதை யாரும் கேட்டுவிடக் கூடாதே என்கிற வெட்கம். அதையும்தான் இந்தப் பழைய பெட்டியின் தலையில் இறக்கி வைத்திருந்தாள்.

"மேடம்" என்றாள், "போடறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். இதுல நான் தோத்துப்போயிருக்கேன். அசிங்கமாத் தோத்துப்போயிருக்கேன்."

சொன்ன மாத்திரத்தில் காதுமடலில் சூடு ஏறியது. கன்னம், கழுத்து, நெற்றி என்று ஏறியது. இறக்கி வைத்ததெல்லாம் விலாசம் தெரிந்ததைப் போல அவளிடமே திரும்பி வந்தது. அவள் முகம் சிவக்கச் சிவக்க, எண் எண்பது, அறுபது, நாற்பத்தைந்து என்று படியிறங்கியது. பதிவு திறந்தது.

முதலில் குழாய்ச் சத்தம். பிறகு இரண்டு பெண்கள், யார் குடம் முன்னால் வந்தது என்று, ஒருத்தி குலம் இன்னொருத்தி மாமியார் என்று வெகுதூரம் போய்விட்ட சண்டை. நடுவில், கீச்சென்று, அங்கையின் குரல்: "அக்கா, ஒரு நிமிஷம். நீங்க அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லல, வேற எதுக்கோ பதில் சொல்றீங்க. அது வாதப்பிழை."

குழாய் மட்டும் ஒழுகியது. பிறகு, அதுவரை ஒருத்தி முடியை ஒருத்தி பிடிக்கக் காத்திருந்த இரண்டு பெண்களும் ஒரே கட்சியானார்கள்.

"யார்ரீ இவ நடுவுல, ஜட்ஜா?"

"தெனமும் ஒரு போனைத் தூக்கினு வந்து நிக்கிதே, அந்தப் பொண்ணு. ஏங் கண்ணு, கொடம் கொண்டாந்தியா?"

"இல்ல... நான் வந்து... ஆராய்ச்சி..."

"கொடம் கொண்டாராதவளுக்குக் கொழாயடியில இன்னா பேச்சு? தள்ளு!"

"அது... வந்து..." என்றது அங்கையின் குரல். அதோடு தண்ணீர் குடத்தில் விழும் சத்தமும் தெருவே சிரிக்கும் சத்தமும்தான்.

அமலோற்பவம் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்த நீர். ஷம்ஷாத் ஈரத்துண்டை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அங்கைக்கே சிரிப்பு வந்துவிட்டது, முகம் மட்டும் அடுப்புத் தணலாக எரிந்தது.

"இந்தக் குரல் யாருதுன்னு இனி சந்தேகம் இல்ல" என்றார் மேடம். "திருஞானம், இந்தச் சண்டையில நீங்க எங்க நின்னுட்டிருந்தீங்க?"

திருஞானம் சார் குவளையை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு, வழக்கமான கனிவு ஒரு சொட்டும் சிந்தாமல், அங்கையின் பக்கம் திரும்பினார்.

"பாத்தியாம்மா, மூஞ்சியெல்லாம் எப்படிச் செவந்துபோச்சு. இதைத்தான் அன்னிக்கும் சொன்னேன். சூட்டை எறக்கி வச்சிட்டு வா, நாம பேசி முடிச்சுக்கலாம்."

அங்கை இந்த நாளுக்காகப் பக்கம் பக்கமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தாள், உட்தலைப்புகளோடு, மேற்கோள்களோடு, நான்காவது கோணத்தோடு. அதெல்லாம் லேப்டாப்பில் இருந்தது. அவள் லேப்டாப்பை மூடி, ஜில்லென்று கிடந்த அதை மேசையில் வைத்தாள்.

"கொடம் கொண்டாராதவங்களுக்குக் கொழாயடியில இன்னா சார் பேச்சு?" என்றாள். "இது நான் சொன்னதில்ல. சொன்னவங்க பேரு தனபாக்கியம். கடைசிப் பக்கத்துல போடாதீங்க, மேல போடுங்க."